சொந்தப் பேருந்து இல்லாத பேருந்துக்காரர்: ரெட்பஸ் செயலி, ஒரு மதிப்புரை

சென்னைக்கும் தென்மாவட்டங்களுக்கும் இடையே ஆம்னி பேருந்தில் அடிக்கடி போய்வருகிறவன் என்ற முறையில், ரெட்பஸ் செயலியைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பயணச்சீட்டு வாங்குவது எளிதாக இருக்கிறதா, ரத்து செய்தால் பணம் திரும்ப வருகிறதா என்ற இரண்டு கேள்விகளோடு இந்த மதிப்புரையை முடித்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் பெரும்பாலும் ஆம் என்றுதான் விடை சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் அந்த அளவில் நிறுத்திக்கொண்டால் இந்தச் செயலி உண்மையில் செய்துவரும் வேலையைச் சொல்லாமல் விட்டதாகிவிடும். சொந்தமாக ஒரு பேருந்துகூட ஓட்டாத ஒரு நிறுவனம், எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு, என்ன விலைக்கு, யாரை ஏற்றிக்கொண்டு கிளம்பும் என்பதைத் தீர்மானிப்பதில் உரிமையாளருக்கு அடுத்த இடத்தை, சில தடங்களில் உரிமையாளருக்கும் முந்திய இடத்தைப் பிடித்துவிட்டது. இதனால் பயணிக்குக் கிடைத்தது என்ன, கைநழுவிப் போனது என்ன என்று பார்க்காமல் நட்சத்திரம் கொடுப்பதில் பொருளில்லை.

2005 தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போக முயன்ற பணீந்திர சாமா என்ற இளம் பொறியாளருக்குப் பேருந்தில் இடம் கிடைக்கவில்லை என்பதும், பிலானி பிட்ஸ் கல்லூரியில் உடன் படித்த சரண் பத்மராஜு, சுதாகர் பசுபுனூரி ஆகியோரோடு சேர்ந்து அவர் 2006இல் ரெட்பஸ்ஸைத் தொடங்கினார் என்பதும் பலமுறை சொல்லப்பட்ட கதை. அந்தக் கதையில் நான் கவனிக்கும் இடம் வேறு. அன்றிரவு ஹைதராபாத் போன பேருந்துகள் எல்லாம் நிரம்பித்தான் போயினவா என்பது அவருக்கும் தெரியாது, அவர் ஏறி இறங்கிய முகவர்களுக்கும் தெரியாது. ஒவ்வொரு முகவரிடமும் இருந்தது அவருக்கு ஒதுக்கப்பட்ட சில இடங்களைப் பற்றிய தகவல் மட்டுமே. மொத்தத்தையும் அறிந்தவர் எவருமில்லாத ஒரு தொழிலில், மொத்தத்தையும் அறிந்த முதல் ஆளாக வந்து உட்கார்ந்ததுதான் ரெட்பஸ்ஸின் உண்மையான கண்டுபிடிப்பு. 2013இல் நாஸ்பர்ஸ் குழுமத்தின் ஐபிபோ அதை வாங்கியது. 2017இல் ஐபிபோ, பயண முன்பதிவு நிறுவனமான மேக்மைட்ரிப்போடு இணைந்ததால் இன்று அது அந்தக் குழுமத்தின் கையில் இருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, பெரு, கொலம்பியா என்று பிற நாடுகளுக்கும் கடை விரித்தாயிற்று.

பழைய முறையை மறந்துவிட்டவர்களுக்காகவும் பார்த்தேயிராத இளையவர்களுக்காகவும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எழும்பூரிலும் கோயம்பேட்டிலும் வரிசையாக டிராவல்ஸ் அலுவலகங்கள் இருந்தன. உரிமையாளர் தம் பேருந்தின் இடங்களை எழும்பூர் முகவருக்குச் சில, தியாகராய நகர் முகவருக்குச் சில, மீதி ஊர்ப்பக்கத்து அலுவலகத்துக்கு என்று பிரித்துக் கொடுத்திருப்பார். முகவர் மேசையில் கட்டம் போட்ட சார்ட் ஒன்று இருக்கும். விற்ற இடத்தில் பெயரை எழுதிக்கொள்வார். மாலையில் எல்லா அலுவலகங்களும் தொலைபேசியில் பேசிக் கணக்கை ஒன்றுசேர்க்கும்போதுதான் எத்தனை இடம் போயிருக்கிறது என்பது உரிமையாளருக்கே தெரியவரும். ஒரே இடம் இருவருக்கு விற்கப்பட்டிருப்பதும் அப்போதுதான் தெரியும். அதைத் தீர்த்துவைக்கிற வேலை ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் போய்ச்சேரும். ஓர் அலுவலகத்தில் 'ஃபுல்' என்று திருப்பி அனுப்பப்பட்ட பயணி தேடிய அதே இடம் நாலு கடை தள்ளி விற்காமல் கிடந்து, பேருந்து காலியாகவே போகும். பணம் கைமாறுவது வாரக் கணக்கில் நடந்தது. இந்த ஏற்பாட்டில் அதிகாரம் முகவரிடம் இருந்தது. யாருடைய வண்டியில் ஏற்றிவிடுவது என்பதை அவரே முடிவு செய்தார். பயணிக்கு அந்த முகவரின் முகம் தெரியும் என்பதும், திட்ட வேண்டுமானால் போய்த் திட்ட ஓர் இடம் இருந்தது என்பதும் அந்த ஏற்பாட்டின் ஒரே வசதி.

ரெட்பஸ் முதலில் செய்தது பயணிக்குத் தெரியாத பின்பக்க வேலை. உரிமையாளர் தம் இடங்கள் அனைத்தையும் ஒரே திரையில் பார்த்து, எந்த அலுவலகம் விற்றாலும் உடனே அந்த இடம் மறைந்துவிடும்படியான மென்பொருளைப் பாஸ் என்ற பெயரில் கொடுத்தது. பிறகு சீட்செல்லர் என்ற மொத்த விற்பனைப் பிரிவின் வழியாக அதே இருப்பை ஊர் ஊராக இருக்கும் முகவர்களுக்குத் திறந்துவிட்டது. இன்றைக்கு ஒரு சிற்றூர்க் கடைத்தெருவில் செல்பேசி ரீசார்ஜும் ஜெராக்ஸும் செய்யும் கடைக்காரர் பேருந்துச் சீட்டும் போட்டுத் தருகிறார் என்றால், பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு பின்வாசல் வழியாகத்தான் போடுகிறார். ஆகவே இணையம் வந்ததும் முகவர் ஒழிந்தார் என்று சொல்வது சரியல்ல. இடங்களைப் பதுக்கி வைத்துக்கொண்டு விலை பேசும் ஆற்றலை அவர் இழந்தார். இணையம் தெரியாதவர்களுக்குச் சீட்டுப் போட்டுத் தரும் உதவியாளராகத் தொடர்கிறார். எழும்பூரில் மிஞ்சியிருக்கும் அலுவலகங்களில் ஆளைவிடப் பார்சல் மூட்டைகள்தாம் அதிகம் கண்ணில் படுகின்றன.

உரிமையாளர்கள் பக்கத்தில் நடந்த மாற்றம் இன்னும் பெரியது. முன்பெல்லாம் ஒரு தடத்தில் வண்டி விட வேண்டுமானால் இரு முனைகளிலும், இடைப்பட்ட ஊர்களிலும் அலுவலகம் வேண்டும், முகவர் பழக்கம் வேண்டும், பெயர் வேண்டும். பர்வீன், கே.பி.என். போன்ற பெயர்கள் பல ஆண்டுகள் உழைத்து அப்படித்தான் நிலைபெற்றன. இப்போது இரண்டே வண்டி வைத்திருப்பவரும் பட்டியலில் பெரிய நிறுவனத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்க முடிகிறது. இதனால் தென்காசி, தேனி, கம்பம் போன்ற ஊர்களுக்கு நேரடிச் சேவைகள் பெருகியதைக் கண்கூடாகப் பார்க்கிறோம். நுழைவது எளிதானதன் மறுபக்கம், பட்டியலில் எத்தனையாவது வரியில் நிற்கிறோம் என்பதே பிழைப்பாகிவிட்டது. பயணிகள் தரும் மதிப்பெண் சரிந்தால் கீழே போக வேண்டும். கீழே போனால் இடம் விற்காது. விற்காத இடத்துக்கு விலையைக் குறைக்க வேண்டும். முன்பு முகவரைக் கவனித்துக்கொண்ட உரிமையாளர்கள் இன்று பட்டியலைக் கவனித்துக்கொள்கிறார்கள்.

இனிப் பயணியின் கையில் இருக்கும் செயலிக்கு வருவோம். ஊர், நாள் கொடுத்தவுடன் அந்த இரவின் எல்லாப் பேருந்துகளும் புறப்படும் நேரம், சேரும் நேரம், படுக்கையா சாய்விருக்கையா, எத்தனை இடம் மீதி என்ற விவரங்களோடு வருகின்றன. வண்டியின் வரைபடத்தில் இடத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பது இன்று சாதாரணமாகத் தோன்றினாலும், கடைசி வரிசையில் பின்சக்கரத்துக்கு மேலே விழுந்து விழுந்து எழுந்த தலைமுறைக்கு அதன் அருமை தெரியும். மூட்டுவலி உள்ள பெரியவருக்குக் கீழ்ப் படுக்கையும், தனியே போகிறவருக்கு ஒற்றைப் படுக்கையும் யாரையும் கெஞ்சாமல் கிடைக்கின்றன. பெண் ஒருவர் வாங்கிய இடத்துக்கு அடுத்த இடம் இளஞ்சிவப்பில் குறிக்கப்பட்டு, இன்னொரு பெண்ணுக்கு மட்டுமே விற்கப்படுகிறது. இரவில் தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு இது பெரிய விடுதலை. முன்பு இதெல்லாம் ஏறிய பிறகு கிளீனரின் நல்லெண்ணத்தைப் பொறுத்து நடந்த ஏற்பாடு. பேருந்து எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பதைச் செல்பேசியில் பார்க்கும் வசதியும் உண்டு. வண்டியில் கருவி வேலை செய்யும் நாட்களில் அது மிகப் பயனுள்ளது. செய்யாத நாட்களில் பழையபடி ஓட்டுநரின் எண்ணுக்கு அழைக்க வேண்டியதுதான்.

பணம் கட்டும் பக்கத்தில் நிதானம் வேண்டும். அடிப்படைக் கட்டணம், ஜி.எஸ்.டி., தள்ளுபடிக் கூப்பன், பயணக் காப்பீடு, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைப்பதற்கான கூடுதல் கட்டணம் என்று வரிசையாக வரும். ரத்து விதி ஒரே மாதிரியானதல்ல. ஒவ்வொரு பேருந்து நிறுவனமும் புறப்பாட்டுக்கு எத்தனை மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் எவ்வளவு பிடித்தம் என்று தனித்தனியே வகுத்திருக்கிறது. அது சீட்டு வாங்கும் முன்பே காட்டப்படுகிறது என்பது நல்ல விஷயம். பெரும்பாலோர் படிப்பதில்லை என்பது வேறு.

மதிப்பெண் முறையைப் பற்றிச் சற்று நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் செயலியின் அச்சாணி அதுதான். பயணம் முடிந்ததும் போர்வை சுத்தமாக இருந்ததா, நேரத்துக்கு வந்ததா, ஊழியர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்களா, ஓட்டுநர் எப்படி ஓட்டினார் என்று கேட்டு, ஐந்துக்கு இவ்வளவு என்று எண்ணாக்கித் தருகிறார்கள். இதனால் நடந்த நன்மையை மறுக்க முடியாது. போர்வைகள் வெளுக்கப்படுகின்றன, தண்ணீர் பாட்டில் வருகிறது, சாப்பாட்டுக்காக ஏதோ ஓர் ஓட்டல் வாசலில் முக்கால் மணி நேரம் நிறுத்திவைக்கும் வழக்கம் குறைந்திருக்கிறது, பயணியை ஒருமையில் அழைக்கும் கிளீனர்களும் குறைந்திருக்கிறார்கள். எந்த அரசு ஆணையும் சாதிக்காததை நட்சத்திரங்கள் சாதித்தன என்றே சொல்லலாம்.

ஆனால் பயணி தன் கண்ணால் பார்த்ததற்குத்தான் மதிப்பெண் போட முடியும். அவசரக் கதவு திறக்குமா, தீயணைப்புக் கருவி காலாவதியாகிவிட்டதா, படுக்கைகளைக் கூட்டுவதற்காக வழியைக் குறுக்கியிருக்கிறார்களா, ஓட்டுநர் முந்தைய இரவு உறங்கினாரா, வாகனத் தகுதிச் சான்று எந்த நாள் வரை செல்லும் என்பவை போர்வைக்குள் படுத்திருப்பவருக்குத் தெரியாது. 2013 அக்டோபரில் பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போன சொகுசுப் பேருந்து மகபூப்நகர் மாவட்டத்தில் தீப்பிடித்து 45 பேர் மாண்டார்கள். 2025 அக்டோபரில் அதே நெடுஞ்சாலையில், கர்நூல் அருகே, இருசக்கர வாகனம் ஒன்று அடியில் சிக்கியதில் தீப்பிடித்த படுக்கைப் பேருந்தில் உறக்கத்திலிருந்த பலர் வெளியே வர முடியாமல் இறந்தார்கள். இவற்றுக்குச் செயலிகளைக் குற்றவாளியாக்குவது என் நோக்கமல்ல. வாகனத் தகுதியைப் பார்க்க வேண்டியது போக்குவரத்துத் துறை. ஆயினும் செல்பேசிக்கு மின்னேற்றும் வசதி உண்டா என்பதைப் படம் போட்டுக் காட்டுகிற பக்கத்தில் வண்டியின் பதிவெண்ணும் தகுதிச் சான்றின் கடைசி நாளும் ஏன் இடம்பெறவில்லை என்று கேட்கலாம். அரசின் வாகனத் தரவுத்தளத்தில் இருக்கும் செய்திதான் அது. 2024 ஜூன் மாதத்தில், பிற மாநிலங்களில் பதிவு செய்யப்பட்ட ஆம்னி பேருந்துகள் தமிழ்நாட்டுக்குள் ஓடக் கூடாது என்று போக்குவரத்துத் துறை கண்டிப்பு காட்டியபோது, தாங்கள் முன்பதிவு செய்திருந்த வண்டி எந்த மாநிலப் பதிவு என்பதே பயணிகளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

கட்டணத்துக்கு வந்தால் எல்லோருடைய கோபமும் பண்டிகைக் காலத்தின் மேல்தான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன்படி, வழியில் ஆட்களை ஏற்றி இறக்கித் தனித்தனியே கட்டணம் வாங்கும் வண்டி ஸ்டேஜ் கேரேஜ். ஒரு குழுவை மொத்த ஒப்பந்தத்தில் ஏற்றிச் செல்லும் வண்டி கான்ட்ராக்ட் கேரேஜ். முன்னதற்கு அரசு கட்டணம் நிர்ணயிக்கிறது. பின்னதன் அனுமதியில் ஓடும் ஆம்னி பேருந்துகள், நடைமுறையில் இருக்கை இருக்கையாகச் சீட்டு விற்றாலும், தமிழ்நாட்டில் நெடுங்காலமாக அரசு நிர்ணயித்த கட்டணம் இல்லாமலே ஓடி வருகின்றன. சட்டத்தின் இந்த இடைவெளி இணையத்துக்கு முன்பே இருந்ததுதான். பொங்கலுக்கு முந்தைய நாள் எழும்பூரில் கேட்ட விலையைக் கொடுத்து ஏறியவர்களுக்கு அது தெரியும். செயலி கொண்டுவந்த மாற்றம், விலையை நிமிடத்துக்கு நிமிடம் மாற்றும் ஆற்றலை எல்லோர் கையிலும் கொடுத்தது. எத்தனை பேர் தேடுகிறார்கள், பக்கத்து வண்டியில் எத்தனை இடம் போயிருக்கிறது என்பதை உரிமையாளர் உடனுக்குடன் பார்த்துத் தம் விலையை ஏற்ற முடிகிறது. ஒரே வண்டியில் முன்வரிசைக்கு ஒன்று, கடைசி வரிசைக்கு ஒன்று என்று படுக்கைக்கொரு விலை வைக்க முடிகிறது. சாதாரண செவ்வாய்க்கிழமை இரவில் இதே ஆற்றல் பயணிக்குச் சாதகமாக இறங்குவதையும் சொல்ல வேண்டும்; அன்று கடைசி நேரத்தில் பார்த்தால் பழைய முகவர் ஒருபோதும் தந்திருக்க மாட்டாத விலைக்கு இடம் கிடைக்கும்.

இதில் ரெட்பஸ் போன்ற விற்பனைத் தளத்தின் பங்கு என்ன என்பதுதான் சிக்கல். விலை வைப்பவர் உரிமையாளர் என்று தளம் சொல்லும். தளத்தில் அப்படித்தான் விலை போகிறது, நாங்கள் என்ன செய்வது என்று உரிமையாளர் சொல்வார். பண்டிகைக்கு முன் உரிமையாளர் சங்கங்கள் உச்ச வரம்புக் கட்டணப் பட்டியலை வெளியிடுவதும், அதிகக் கட்டணம் வாங்கினால் நடவடிக்கை என்று அமைச்சர் எச்சரிப்பதும், ஒரு சில வண்டிகளுக்கு அபராதம் விதிக்கப்படுவதும் ஆண்டுதோறும் நடக்கிற சடங்கு. ரயிலில் இடம் கிடைக்காதவர்கள் வந்து சேரும் இடம் ஆம்னி பேருந்து என்பதால், நெல்லை, பொதிகை, பாண்டியன் விரைவு வண்டிகளில் இடம் எவ்வளவு சீக்கிரம் தீர்கிறதோ அவ்வளவு சீக்கிரம் இங்கே விலை ஏறத் தொடங்கும். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டதால் அந்த ஏற்றமும் ஊருக்குப் போகும் நாளை நெருங்கியே வருகிறது. அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் பண்டிகையிலும் அதே கட்டணத்தில் ஓடுகிறது, சொந்த இணையத்தளத்தில் முன்பதிவும் தருகிறது. அதன் படுக்கை வண்டிகள் இப்போது மோசமில்லை என்பதையும், இந்தச் செயலியையே பார்த்துப் பழகியவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன்.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்தலானது பொறுப்பு பற்றிய ஷரத்துகள். ரெட்பஸ் தன் விதிமுறைகளில், தான் ஒரு பயணச்சீட்டு முகவர் மட்டுமே, சொந்தமாகப் பேருந்து சேவை நடத்துவதில்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. செல்லுபடியாகும் சீட்டைத் தருவது, ரத்தானால் பணத்தைத் திருப்பித் தருவது, விவரம் கேட்டால் உதவுவது ஆகியவை தன் கடமைகள் என்கிறது. வண்டி நேரத்துக்குக் கிளம்பாதது, ஊழியர் முரட்டுத்தனமாக நடந்துகொள்வது, இருக்கை எதிர்பார்த்தபடி இல்லாதது, மூட்டை தொலைவது, கடைசி நேரத்தில் இடம் மாற்றப்படுவது, ஏறுமிடம் மாறுவது ஆகியவை தன் பொறுப்பல்ல என்கிறது. நேர்மையாக எழுதப்பட்ட ஷரத்துதான்; பழைய முகவரும் இதையேதான் சொல்லியிருப்பார். வேறுபாடு எங்கே என்றால், பழைய முகவர் தம்மை ஒரு பயண நிறுவனமாகக் காட்டிக்கொண்டதில்லை. இங்கே விளம்பரம், நிறம், நம்பிக்கை, பிரைமோ என்று தரமுத்திரை குத்தப்பட்ட வண்டிகளின் தேர்வு எல்லாம் ரெட்பஸ்ஸின் பெயரில் நடக்கின்றன. பயணி 'ரெட்பஸ்ஸில் போனேன்' என்றுதான் வீட்டில் சொல்கிறார். இரவு முழுக்கத் தன்னை ஏற்றிவந்த வண்டியின் பெயர் பலருக்கு மறுநாள் நினைவிருப்பதில்லை. பெயரும் நம்பிக்கையும் ஓரிடத்தில் சேர்கின்றன, பொறுப்பு இன்னோரிடத்தில் இருக்கிறது. இரவு பதினொரு மணிக்குச் சாலையோரத்தில் நின்றுகொண்டிருப்பவருக்கு அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் தெரியவரும்.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், 2020 இத்தகைய தளங்கள் விற்பவரின் விவரத்தைக் காட்ட வேண்டும், குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும், அவர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று சொல்கின்றன. 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிகள், வாங்குபவரை அறியாமல் கூடையில் பொருள் சேர்ப்பது, பொய்யான அவசரத்தை உண்டாக்குவது முதலிய 13 தந்திரங்களைத் தடை செய்கின்றன. இணையவழி வாங்குவோர் அனைவரும் இவற்றை அறிந்துவைப்பது நல்லது. ஆனால் ஒரு மாதத்தில் தீரும் புகார், விடியற்காலையில் ஊரில் இருந்தாக வேண்டிய ஒருவருக்கு எந்த அளவுக்குப் பயன்படும்?

ஏறுமிடங்கள் பற்றி ஒரு சொல். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டு, அடுத்த மாதமே தென்மாவட்ட ஆம்னி பேருந்துகள் அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும் என்று அரசு சொன்னபோது, பிரச்சினை உயர் நீதிமன்றம் வரை போனது. போரூர், சூரப்பட்டு சுங்கச்சாவடிகளில் ஆள் ஏற்றிக்கொள்ள இடைக்கால அனுமதி கிடைத்தது. அந்தச் சில வாரங்களில் செயலியில் வாங்கிய சீட்டில் ஓரிடமும், வண்டி நின்ற இடம் வேறாகவும் இருந்ததாக நகரமெங்கும் பேச்சு. இன்றும் ஏறுமிடப் பட்டியலில் 'பாலத்துக்குக் கீழே', 'பெட்ரோல் பங்க் எதிரில்' போன்ற விவரங்களோடு ஒரு வரைபடக் குறியும் இருக்கும். அவை இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. வண்டிப் பொறுப்பாளரின் எண்ணோடு குறுஞ்செய்தி வந்தவுடன் அவரை அழைத்து இடத்தை உறுதிசெய்துகொள்வதே பாதுகாப்பு. இருபது ஆண்டுத் தொழில்நுட்பத்துக்குப் பிறகும் இந்தக் கடைசிக் கட்டம் தொலைபேசியில்தான் நடக்கிறது.

இந்தத் தொழில் இனி எந்தப் பக்கம் போகும் என்பதற்கான அடையாளங்களும் பட்டியலிலேயே தெரிகின்றன. ஜெர்மனியில் தொடங்கிய ஃபிளிக்ஸ்பஸ் 2024 தொடக்கத்தில் வட இந்தியாவிலும், அதே ஆண்டு செப்டம்பரில் பெங்களூரிலிருந்து சென்னை, ஹைதராபாத் தடங்களிலும் வந்தது. அதன் பச்சை வண்டிகள் அதனுடையவை அல்ல. உள்ளூர் உரிமையாளர்கள் வண்டியும் ஓட்டுநரும் தருகிறார்கள், பெயர், தடம், நேரம், விலை, சீட்டு விற்பனை ஆகியவற்றை ஃபிளிக்ஸ் பார்த்துக்கொள்கிறது. இன்டர்சிட்டி ஸ்மார்ட்பஸ்ஸும் ஏறக்குறைய இதே வழியில்தான் தன் பெயரை வண்டிகளின் மேல் எழுதியிருக்கிறது. ரெட்பஸ் விற்பனையை மட்டும் உரிமையாளரிடமிருந்து பிரித்தது. இவர்கள் பெயரையும் தடத்தையும் சேர்த்தே பிரித்துவிட்டார்கள். உரிமையாளருக்கு மிஞ்சுவது கடன் தவணை, டீசல், காலாண்டு வரி, டயர், ஓட்டுநர் சம்பளம். எனினும் பயணியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த இரண்டாம் வகையில் ஒரு நன்மை இருக்கிறது: வண்டியின் மேல் எழுதியிருக்கும் பெயரும் சீட்டில் அச்சாகியிருக்கும் பெயரும் ஒன்றாக இருப்பதால், புகார் சொல்ல வேண்டிய இடம் குழப்பமில்லாமல் தெரிகிறது. கெட்ட பெயர் வந்தாலும் அவர்களுக்கே வரும் என்பதால் போர்வைக்கு அப்பாலும் பார்க்க அவர்களுக்கு ஒரு காரணம் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். நமது பழைய டிராவல்ஸ் நிறுவனங்கள் இந்தப் போட்டியில் தங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமானால், சொந்தச் செயலியையும் இணையத்தளத்தையும் இன்றைய நிலையில் விட்டுவைக்கக் கூடாது. பலவற்றில் பணம் கட்டும் பக்கம் வரை போவதே பொறுமையைச் சோதிக்கிறது.

நட்சத்திரம் கொடுத்தாக வேண்டுமென்றால், சீட்டு விற்கும் கடையாக ரெட்பஸ்ஸுக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். தேடல் வேகமானது, இடத்தேர்வு தெளிவானது, பெண்களுக்கான ஏற்பாடு அக்கறையானது, ரத்துப் பணம் பேச்சுவார்த்தை இல்லாமல் வந்து சேர்கிறது. பயணத்துக்குப் பொறுப்பேற்கும் நிறுவனமாகப் பார்த்தால் இரண்டுக்கு மேல் மனம் வரவில்லை. இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டால் யாருக்கும் பயன்படாத ஓர் எண்தான் கிடைக்கும் என்பதால் தனித்தனியாகவே விடுகிறேன்.

பயன்படுத்துகிறவர்களுக்கு என் வழக்கத்தைச் சொல்கிறேன். மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பதோடு நிற்காமல், அதே தடத்தில் கடந்த சில வாரங்களில் போனவர்கள் எழுதியதைப் படிப்பேன். ஒரு நிறுவனத்தின் மதுரை வண்டி நன்றாக இருப்பதால் அதன் நாகர்கோவில் வண்டியும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. சேரும் நேரத்தை அரைமணி தள்ளியே வைத்துக்கொள்வேன். படுக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது அவசரக் கதவு எந்தப் பக்கம் என்பதை ஏறியவுடன் பார்த்துவைப்பேன். பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் அதே இடத்தின் விலையைப் பார்ப்பேன். சில நேரம் அங்கே குறைவாக இருக்கும், அப்போது அங்கேயே வாங்கிவிடுவேன். இரண்டிலும் ஒரே விலை என்றால் ரெட்பஸ்ஸில்தான் வாங்குகிறேன். பயணம் ரத்தானால் பணத்துக்காக ஓர் அலுவலகத்தின் தொலைபேசியை நாள் முழுக்க அழைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.